‘ஏன் ஆண்டவரே?’ என்று கேட்டால் பாவமா?

மனம் விட்டுப் பேசுவோம்



பரீட்சை சமயத்தில் பிள்ளைகளுக்கு என்ன சமைத்துக் கொடுக்கலாம் என்று இந்த முறை எழுதலாமென்று குறிப்பெல்லாம் எடுத்து வைத்திருந்தேன். அதற்குள் ஒரு கடிதம் வந்தது. அதைப் படித்த பிறகு இட்லி, கொழுக்கட்டை பற்றி எழுத மனசு வரவில்லை. அது அடுத்த இதழுக்கு இருக்கட்டும்.

பெயர் போட வேண்டாம் என்று அந்தச் சகோதரி கேட்டுக்கொண்டிருக்கிறார். வயது இருபத்தாறு. ஏழாம் மாதத்தில் வயிற்றுப் பிள்ளையின் அசைவு நின்றுபோய், ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு வீடு திரும்பியவர். சபைப் பெண்கள் வந்து பாடி ஜெபித்திருக்கிறார்கள். “கொடுத்தவருக்கு எடுத்துக்கொள்ள உரிமை இல்லையா?” என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். இவர் தாங்கமாட்டாமல், “ஏன் ஆண்டவரே எனக்கு மட்டும்?” என்று வாய்விட்டு அழுதிருக்கிறார். உடனே ஒரு பெரியம்மா, “தேவனைக் கேள்வி கேக்காதம்மா, அது பாவம்” என்று வாயைப் பொத்தினாராம்.

“நாலு மாசமா என்னால ஜெபம் பண்ண முடியலை அக்கா. கோயில்ல எல்லாரும் பாடும்போது என் வாய் திறக்க மாட்டேங்குது. நான் விசுவாசத்தை விட்டுட்டேனா? நான் கேட்டது பாவமா?” இதுதான் அவர் கேள்வி.

நான் ஐயரும் இல்லை, வேதசாஸ்திரம் படித்தவளும் இல்லை. பள்ளிப் படிப்போடு கல்யாணமாகி வந்து, இருபது வருஷத்துக்கு மேலாக அடுப்படியே உலகமாக இருக்கிறவள். ஆனால் இதே கேள்வியை நானும் வருஷக்கணக்காகக் கேட்டிருக்கிறேன். அதனால் எழுதத் துணிகிறேன். இந்தப் பக்கத்தைப் படிக்கிற மற்ற மதத்துச் சகோதரிகள் ‘இது நமக்கில்லை’ என்று புரட்டிவிட வேண்டாம். சாமியோடு கோபித்துக்கொண்டு விளக்கேற்றாமல் இருந்த நாள் உங்கள் வீட்டிலும் ஒன்றிரண்டு இருந்திருக்கும்.

தண்ணீரை அளந்து குடிக்கிற வீடு

என் கணவருக்குச் சர்க்கரையும் உண்டு, இரத்தக் கொதிப்பும் உண்டு. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டு வந்தார். கிட்னியையும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. 2019-ல் கால் வீங்கி, மூச்சு வாங்குகிறது என்று கூட்டிக்கொண்டு போனபோது, “ரெண்டு கிட்னியும் ஏறக்குறைய நின்னுபோச்சும்மா” என்றார் டாக்டர். அப்போது மகள் பத்தாம் வகுப்பு, மகன் ஆறாம் வகுப்பு.

அன்றிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். போக வர, காத்திருக்க என்று பாதி நாள் போய்விடும். திரும்பி வந்தால் துவைத்துப் பிழிந்த துணி மாதிரி படுத்துவிடுவார்.

அவருக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர்தான் தண்ணீர். காபி, ரசம், மோர், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்க வேண்டும். பாளையங்கோட்டை வெயில் உங்களுக்குத் தெரியும். சித்திரை மாதத்தில் அவர் நாக்கு வறண்டு, ஒரு ஐஸ் கட்டியை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் பார்க்க நான் தண்ணீர் குடிக்க மாட்டேன். அடுப்படிக்குள் போய்த் திரும்பி நின்று குடிப்பேன். எல்லோரும் நோயாளிக்கு வாங்கி வருகிற இளநீரும் வாழைப்பழமும் ஆரஞ்சும் அவருக்கு ஆகாது, பொட்டாசியம் ஏறிவிடும். காய்கறியைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் தாளிக்க வேண்டும். ருசி எங்கே இருக்கும்? ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அவர் கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்து ஒரு சின்ன ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். அந்த இடத்தைத் தொட்டால், மடியில் படுத்திருக்கிற பூனை மாதிரி ‘விர்ர்’ என்று அதிரும். அதிர்வு நின்றால் குழாய் அடைத்துவிட்டது என்று அர்த்தம். உடனே ஓட வேண்டும். அதனால் தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அவர் தூங்கின பிறகு ராத்திரியில் நான் தொட்டுப் பார்ப்பேன்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள்

ஆரம்பத்தில் எங்கள் வீட்டில் ஜெபத்துக்குக் குறைவே இல்லை. வாராவாரம் உபவாச ஜெபம். சபையார் அன்பாக வந்தார்கள், பணமும் கொடுத்து உதவினார்கள். அதை மறந்தால் நான் நன்றி கெட்டவள். ஆனால் மாதங்கள் போகப் போக, சுகம் வரவில்லை என்றதும் பேச்சு மாறியது. “வீட்டுல மறைவா ஏதாவது பாவம் இருக்கான்னு ஆராய்ஞ்சு பாருங்க” என்றார் ஒருவர். “விசுவாசம் போதலை” என்றார் இன்னொருவர்.

ஒரு நாள் வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர், “மெஷினை நம்புறீங்களா, கர்த்தரை நம்புறீங்களா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். என் கணவருக்கு அது ஊசி மாதிரி குத்தியிருக்கிறது. அந்த வாரம் ஒரு டயாலிசிஸுக்குப் போகாமல் இருந்துவிட்டார். நானும் தடுக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் ஒரு நைப்பாசை. மறுநாள் நடுராத்திரி மூச்சுவிட முடியாமல் எழுந்து உட்கார்ந்தவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனோம். பிழைத்தது பெரிய காரியம். “ஏம்மா, படிச்சவங்கதானே நீங்க?” என்று நர்ஸ் திட்டினார். தலை குனிந்து நின்றேன். சகோதரிகளே, யார் என்ன சொன்னாலும் மருந்தையும் சிகிச்சையையும் நிறுத்திவிடாதீர்கள். மாத்திரை விழுங்கும்போது ஜெபம் பண்ணிக்கொள்ளுங்கள். மாத்திரையை விட்டுவிட்டு ஜெபம் பண்ணாதீர்கள்.

2022 ஆரம்பத்தில் என் கிட்னியில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று முன்வந்தேன். இரத்த வகை பொருந்தியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆண்டவர் கேட்டுவிட்டார் என்றே நினைத்தேன். மற்ற பரிசோதனைகளைச் செய்தபோது எனக்கும் சர்க்கரை இருப்பது தெரிந்தது. “உங்ககிட்ட எடுக்க முடியாதும்மா. நாளைக்கு உங்களுக்கே ஆபத்து” என்று சொல்லிவிட்டார்கள்.

அன்று ராத்திரி மொட்டை மாடிக்குப் போனேன். “உம்மைக் காசு பணமா கேட்டேன்? என் உடம்புல இருந்து எடுத்துக் கொடுக்கேன்னுதானே சொன்னேன்! அதையும் வேண்டாம்னா, நீர் என்ன தகப்பன்?” என்று சத்தமாகவே கேட்டேன். பதில் ஒன்றும் வரவில்லை. கீழே வந்து படுத்துவிட்டேன். மறுநாளிலிருந்து ஜெபிப்பதை விட்டேன். எட்டு மணிக்குக் குடும்ப ஜெபத்துக்குப் பிள்ளைகள் வேதம் வாசிக்கும்போது, நான் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டித் தேய்த்துக்கொண்டிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன், பிள்ளைகளுக்காக.

நாலாம் வார்த்தை

லெந்து காலத்தில் ஒரு நாள் எங்கள் ஐயரம்மா வந்தார். வந்தவர் ஜெபிக்கவில்லை, வசனமும் சொல்லவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் நறுக்கிக்கொண்டிருந்த பீன்ஸில் பாதியை எடுத்து நறுக்க ஆரம்பித்தார். வெகு நேரம் கழித்து, “பெரிய வெள்ளிக்கு நாலாம் வார்த்தை நீ பேசுறியா?” என்று கேட்டார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய வெள்ளியன்று மதியம் பன்னிரண்டு மணி முதல் மூன்று மணி வரை எங்கள் கோயில்களில் ஆராதனை நடக்கும். இயேசு சிலுவையில் தொங்கியபோது பேசிய ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாக ஒருவர் விளக்குவார். நாலாவது வார்த்தை, தகப்பனே தன்னைக் கைவிட்டுவிட்டதாக அவர் கதறிக் கேட்ட கேள்வி.

“ஜெபமே பண்ணாதவ நான், ஐயரம்மா” என்றேன்.

“அதனாலதான் உன்னைக் கேக்கேன்” என்றார்.

ராத்திரி அந்தக் கையைத் தொட்டுப் பார்ப்பதை மட்டும் நான் விடவில்லை என்று சொன்னேன். “அதுவும் ஜெபந்தான், போ” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பேச ஒத்துக்கொண்டுவிட்டதால் வேதத்தைத் திறக்க வேண்டியதாயிற்று. பக்திக்காக இல்லை, மேடையில் உளறக்கூடாதே என்பதற்காகத்தான். அப்படிப் படித்தபோதுதான், சின்ன வயசிலிருந்து படித்தும் கண்ணில் படாத விஷயங்கள் பட்டன.

சங்கீதப் புத்தகத்தில் நூற்றைம்பது பாட்டு இருக்கிறது. எல்லாமே துதிப் பாட்டு என்றுதான் நினைத்திருந்தேன். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பலும் முறையீடும்! பதின்மூன்றாம் சங்கீதத்தில், எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பீர் என்கிற மாதிரிக் கேள்வி முதல் இரண்டு வசனத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப வருகிறது. மற்ற புலம்பல்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கையில் முடியும். எண்பத்தெட்டாம் சங்கீதம் அப்படிக்கூட முடியவில்லை. வேண்டியவர்களெல்லாம் விலகிப்போனார்கள் என்ற துக்கத்தோடு அப்படியே நின்றுவிடுகிறது. இதையும் சேர்த்துத்தான் வேதமாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். யாரும் கிழித்துப் போடவில்லை.

அடுத்தது யோபு. பொறுமைக்கு உதாரணம் என்று நாம் சொல்லும் யோபு, அந்தப் புத்தகத்தின் நாற்பத்திரண்டு அதிகாரத்தில் முக்கால்வாசி இடத்தில் பொறுமையாகவே இல்லை! தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். கடவுளோடு வழக்காட வேண்டும் என்கிறார். அவருடைய சிநேகிதர்கள் ஏழு நாள் ராப்பகலாகப் பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள்தான். வாயைத் திறந்ததும் கெட்டது. நீ பாவம் செய்திருப்பாய் என்று கடவுளுக்காக வக்காலத்து வாங்கினார்கள். கடைசியில் கடவுள் யார்மேல் கோபப்பட்டார் தெரியுமா? அந்தச் சிநேகிதர்கள்மேல்தான். யோபு பேசின மாதிரி அவர்கள் தம்மைப்பற்றிச் சரியாகப் பேசவில்லை என்றார்.

யோபுவின் மனைவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடவுளைத் தூஷித்துவிட்டுச் செத்துப்போ என்று புருஷனிடம் சொன்னவள் என்று பிரசங்கங்களில் அவளை வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். ஏழு மகன், மூன்று மகள். பத்துப் பிள்ளைகளும் ஒரே நாளில் போனது யோபுவுக்கு மட்டுமா? அந்தப் பத்தையும் சுமந்து பெற்றவள் அவள். புண் பிடித்த புருஷனைப் பார்த்துக்கொண்டு நின்றவள். அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றுவரை திட்டு வாங்குகிறாள். மொட்டை மாடியில் நான் பேசினதை யாராவது எழுதி வைத்திருந்தால் என் கதியும் அதுதான்.

பிறகு மார்த்தாள். தம்பி லாசரு வியாதிப்பட்டபோது இயேசுவுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வந்து சேர்ந்தபோது புதைத்து நாலு நாளாகிவிட்டது. மார்த்தாள் எதிரே போய், நீர் இங்கே இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்க மாட்டான் என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். தங்கை மரியாளும் அதையே சொன்னாள். இயேசு அவர்களைக் கோபிக்கவில்லை. கல்லறைக்குப் போகிற வழியில் அவரும் அழுதார்.

கடைசியாக நாலாம் வார்த்தை. வேதத்தில் அதைக் கிரேக்கத்தில் மொழிபெயர்ப்பதற்கு முன்னால், அவர் கதறின சத்தத்தை அப்படியே எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கும் வலி பொறுக்க முடியாமல் போகிறபோது வாயில் வருவது தாய்மொழிதானே? அந்தக் கதறல் இருபத்திரண்டாம் சங்கீதத்தின் முதல் வரி. யாரோ ஒருவர் துக்கத்தில் பாடி வைத்துப் போன புலம்பல், அவருக்குச் சாவு நேரத்தில் கைகொடுத்திருக்கிறது. ‘ஏன்?’ என்பது பாவமானால், அவர் கேட்டிருப்பாரா?

இவ்வளவுதான் அன்று கோயிலில் பேசினேன். கை நடுங்கியது. மொட்டை மாடி விஷயத்தையும் மறைக்காமல் சொன்னேன். ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, எழுபது வயசுக்கு மேலான ஒரு ஆச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார். “எனக்கு முதப் பிள்ளை தங்கலை, தாயி. அம்பது வருஷமாச்சு. ஏன்னு கேக்கக்கூடாதுன்னுட்டாவ. இன்னைக்குத்தான் கேட்டேன்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

பறவைக்குத் தண்ணீர் வைத்த கல்லறை

எங்கள் மாவட்டத்திலேயே டோனாவூர் இருக்கிறது. ஏமி கார்மைக்கேல் அம்மையார் அயர்லாந்திலிருந்து 1895-ல் இந்தியாவுக்கு வந்து, 1901-லிருந்து டோனாவூரில் தங்கி, கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தவர். 1931 அக்டோபரில் ஒரு குழியில் தவறி விழுந்தார். அதன்பிறகு 1951 ஜனவரியில் கண்ணை மூடும்வரை, இருபது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக, பெரும்பாலும் படுக்கையிலும் அந்த அறையிலுமே கழித்தார். அத்தனை பேர் அவருக்காக ஜெபித்தும் பழைய நடமாட்டம் திரும்பவில்லை. நல்ல சுகத்தோடு இருக்கிறவர்கள் நோயாளிகளுக்கென்று எழுதுகிற ஆறுதல் புத்தகங்கள் தனக்கு உதவவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். படுக்கையில் இருந்தபடியே நோயாளிகளுக்காக அவர் எழுதின கடிதங்கள் பிறகு புத்தகமாக வந்தன. தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்றார். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை அங்கே வைத்து, ‘அம்மை’ என்று மட்டும் பொறித்திருக்கிறார்கள்.

அன்னை தெரசாவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1997-ல் மறைந்தார். 2007-ல் அவருடைய கடிதங்கள் புத்தகமாக வந்தபோதுதான், பல பத்து வருஷங்கள் கடவுள் பக்கத்தில் இருப்பதாகவே அவருக்குத் தோன்றவில்லை என்பது உலகத்துக்குத் தெரிந்தது. அந்த இருட்டோடேயே காலையில் எழுந்து, ஏழைகளின் புண்ணைக் கழுவப் போயிருக்கிறார். 2016-ல் அவரைப் புனிதர் என்று அறிவித்தார்கள். மனசில் ஒன்றும் தோன்றாததால் விசுவாசம் போய்விட்டது என்று கணக்கு முடித்துவிடக் கூடாது என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன்.

துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

பட்டவள் என்ற முறையில் சில வார்த்தை:

‘கடவுள் சித்தம்’, ‘எல்லாம் நன்மைக்கே’ என்று அந்த நேரத்தில் சொல்லாதீர்கள். அது உண்மையாகவே இருந்தாலும், அதைச் சொல்ல வேண்டியது துக்கப்பட்டவர், நாம் இல்லை.

பாவம், சாபம், விசுவாசக் குறைவு என்று காரணம் தேடாதீர்கள்.

‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்று சொல்லிவிட்டு வருவதைவிட, ஒரு பாத்திரம் குழம்போடு போங்கள். எங்கள் பக்கத்து வீட்டு முஸ்லிம் அம்மா, டயாலிசிஸ் நாளெல்லாம் என் மகனுக்கு மதியச் சாப்பாடு கொடுத்தார். ஒரு உபதேசமும் செய்யவில்லை.

அழுதால் அழவிடுங்கள். கோபப்பட்டால் கோபப்படவிடுங்கள். கடவுள் தாங்கிக்கொள்வார். நாம்தான் தாங்க மாட்டேன் என்கிறோம்.

கடிதம் எழுதிய தங்கைக்கு

தங்கச்சி, நீ கேட்டது பாவமில்லை. அப்பாவோடு பேச்சே வேண்டாம் என்று நினைக்கிற பிள்ளை ஏன் என்று கேட்காது, வாசலைத் தாண்டிப் போய்விடும். நீ நாலு மாதமாக ஜெபிக்க முடியவில்லையே என்று வருத்தப்படுகிறாய் பார், அந்த வருத்தத்துக்குள் உன் விசுவாசம் உயிரோடுதான் இருக்கிறது. வாய் திறக்கவில்லையென்றால் விடு. அன்னாள் கோயிலில் உதடு மட்டும் அசைய ஜெபித்தபோது, அவள் குடித்திருக்கிறாள் என்று ஆசாரியரே தப்பாக நினைத்தார். ஆண்டவருக்குப் புரிந்தது. பிறர் பாடுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார். எண்பத்தெட்டாம் சங்கீதத்தை எடுத்து மெதுவாக வாசி. அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் வைக்கத் தோன்றினால் வைத்துக்கொள்.

இன்னொன்று, அக்காவாகச் சொல்கிறேன். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, செத்துவிடலாம் போலிருக்கிறது என்றெல்லாம் இருந்தால் அது விசுவாசக் குறைவு இல்லை. உடம்பும் மனசும் நோய்ப்பட்டிருக்கிறது. வீட்டாரிடம் சொல்லி டாக்டரைப் பார். 14416 என்ற அரசாங்கத்தின் இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம். அடுத்த பிள்ளைக்கு முன்னால், இந்தப் பிள்ளை ஏன் தங்கவில்லை என்று டாக்டரிடமும் கேள். இரத்தக் கொதிப்பு, சர்க்கரை எல்லாம் பார்த்துக்கொள். எப்போதும் காரணம் தெரிந்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கேயும் ‘ஏன்?’ என்று கேட்பது உன் உரிமை.

எங்கள் வீட்டில் அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. இன்றும் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ்தான். மாற்றுக் கிட்னிக்கு அரசாங்கப் பட்டியலில் பதிந்துவிட்டுக் காத்திருக்கிறோம். என் மொட்டை மாடிக் கேள்விக்கு இதுவரை பதில் வரவில்லை. ஆனால் எட்டு மணி ஜெபத்துக்கு நானும் உட்காருகிறேன். சில நாள் நன்றி சொல்கிறேன்; சில நாள் சண்டை போடுகிறேன்; சில நாள் களைப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுகிறேன். மகள் எழுப்பி, “ஆமென் சொல்லும்மா” என்பாள்.

ராத்திரி எல்லோரும் தூங்கின பிறகு அவர் கையைத் தொட்டுப் பார்க்கிறேன். ‘விர்ர்’ என்று அதிர்கிறது. ‘இன்னைக்கும் இருக்கு, ஆண்டவரே’ என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்.

உங்கள் வீட்டில் சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் இருந்தால், வருஷத்துக்கு ஒரு தடவையாவது சிறுநீரில் புரதமும் இரத்தத்தில் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். டாக்டர் சொல்லாமல் வலி மாத்திரை வாங்கிச் சாப்பிடாதீர்கள். 2019-க்கு முன்னால் எங்களுக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

அடுத்த இதழில் பரீட்சைக்காலச் சமையலோடு சந்திப்போம், சகோதரிகளே. அதுவரை, மனசில் இருப்பதைப் பூட்டி வைக்காமல் எழுதுங்கள்.